தபசுகாலத்துச் சிரிப்பு

எங்கள் வீட்டுக்காரரை ஊரில் ரேடியோக்காரர் என்பார்கள். எந்த ரேடியோ நிலையத்திலும் அவர் வேலை பார்த்ததில்லை. அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் நாடகத்தில் பபூன். பிற்பாடு, திண்டுக்கல்லில் பேகம்பூர் போகிற பாதையில் பாய் ஒருவர் நடத்திய மைக்செட் கடை வாசலில் நின்று பேசினார். பாய் கடையில் பெரிய ரேடியோப் பெட்டி ஒன்று இருந்தது. சாயங்காலச் செய்தியை ஒலிபெருக்கிக் குழாயில் வைப்பார். செய்தி முடிந்ததும் எங்கள் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, அந்தச் செய்தி என்ன சொன்னது, அதனால் நம் வீட்டு அடுப்புக்கு என்ன வரும் என்று சனங்களுக்கு விளங்கச் சொல்வார். பபூன் எப்படி அரசியல் பேசப் போனார் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான். அவர் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டார். அது அங்கே கொண்டுபோய் விட்டது.

நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். என் அப்பா கோயிலில் உபதேசியார். உபதேசியார் தன் மகளை ஒரு பபூனுக்குக் கொடுத்தது எங்கள் தெருவில் பெரிய பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் என்னைப் பார்த்து, "செபம் சொல்லிக் குடுத்த வீட்டுல இனிமே தவில் கேக்கும்" என்றாள். அப்பா ஏன் கொடுத்தார் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. அந்த வருசம், ஆண்டவர் பாடுபட்டு மரித்ததை நடிக்கிற பாஸ்கா நாடகத்துக்கு ஆள் குறைந்ததால் இவரைக் கூப்பிட்டு, ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்குகிற நல்ல கள்ளன் வேஷம் கொடுத்தார்கள். திரை விலகியது. சிலுவையில் இவரைப் பார்த்ததும் சனம் சிரித்துவிட்டது. இவர் கண்ணீர் விட்டு வசனம் சொன்னார், அதற்கும் சிரித்தார்கள். பங்குச் சாமியார் மறுநாளே இவரை மாற்றிவிட்டார். மனுசன் கோபித்துக்கொண்டு போகவில்லை. மீதி நாளெல்லாம் திரை இழுத்தார். திரை இழுத்ததைப் பார்த்துத்தான் அப்பா பெண் கொடுத்தார்.

அந்தக் காலத்து நாடகத்தில் பபூன்தான் முதலில் மேடைக்கு வருவார். ஹார்மோனியக்காரர் வாசித்து முடித்ததும் உள்ளே நுழைந்து, பிரசிடெண்டு முதல் டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரையும் கேலி பேசுவார். ராஜபார்ட் வரும்வரைக்கும் கூட்டம் அவர் கையில். பபூன் சொன்னதற்கு யாரும் கோபப்படக் கூடாது, அது பழக்கம். மாசி, பங்குனி, சித்திரையில் கோயில் கொடைகளுக்கு வெற்றிலை பாக்கோடு ஏஜெண்டுகள் வந்து நிற்பார்கள். இவருக்கு ஓய்வே இருக்காது.

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயசில் டைபாய்டு வந்தது. அது தபசுகாலம், ஆண்டவர் பாடுகளை நினைத்து நோன்பு இருக்கிற நாற்பது நாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். இவர் பழனிப் பக்கம் ஒரு நாடகத்துக்குப் புறப்பட்டு, கையில் வேஷப் பெட்டியோடு வந்து பிள்ளையைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

"மாதாகிட்டச் சொல்லிட்டேன். பிள்ளை பொழைச்சா, நான் உசுரோட இருக்குற மட்டும் தபசுகாலத்துல ஒருத்தரையும் சிரிக்க வைக்க மாட்டேன்."

பிள்ளை பிழைத்தது. மறுவருசத்திலிருந்து, தபசுகாலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று வேஷப் பெட்டிக்கு மேல் ஒரு கோணிச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் எடுக்க மாட்டார். நாடகத்துக்கு நல்ல காலமே அதுதான். ஏஜெண்டுகள் வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே, அதனால் அந்த நாட்களில் சுருட்டுக் கொட்டகைக்குப் போனார்.

சுருட்டு சுற்றுவதில் அவருக்குக் கை வேகம் கிடையாது. ஆனால் அந்தக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றுகிறவர்களுக்குக் கைதான் வேலையில் இருக்கும், காது சும்மாத்தானே இருக்கிறது. அதனால் ஒருத்தர் உட்கார்ந்து பேப்பரை உரக்க வாசிப்பார். வாசிக்கிறவர் பங்குக்கு மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றிப் போட்டுவிடுவார்கள். இவருக்குக் குரல் இருந்ததால் அந்த வேலை இவருக்கு வந்தது. மடியில் தட்டும் கையில் பேப்பருமாக, இடையிடையே இரண்டு மூன்று சுருட்டும் சுற்றிக்கொண்டு வாசிப்பார். கொட்டகையில் இந்தக் கட்சிக்காரர்கள் ஒரு சுவர் ஓரம், அந்தக் கட்சிக்காரர்கள் எதிர்ச் சுவர் ஓரம். ஒரு பக்கத்துச் செய்தியை மட்டும் வாசித்தால் விடமாட்டார்கள்.

"ஏலே அப்பு, அவன் சொன்னத வாசிச்சிட்டேல்ல, கீழ எங்க ஆளு சொன்னது நிக்குது பாரு, அதையும் வாசி."

"வாசிக்கிறேன்ணே. மூச்சு விட்டுக்கிறேன்."

"மூச்சு விடுறதுக்கும் அவன் பக்கம் திரும்பித்தான் விடுவியா?"

இப்படித்தான் வருசாவருசம் தபசுகாலம் பூராவும் அரசியல் படித்தார். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவர். பேப்பரில் இருக்கிற தமிழை வாசித்துவிட்டு, அதையே நம் பேச்சில் இன்னொரு தடவை சொல்வார். மைக்செட் பாய் அந்தக் கொட்டகைக்குச் சுருட்டு வாங்க வருவார். வாங்கிவிட்டுப் போகாமல் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாராம்.

சீனாக்காரன் சண்டை வந்த வருசம் பாய் கடை முன்னால் தினமும் கூட்டம் கூடியது. செய்தி வாசிக்கிறவர் பேசிய தமிழ் பாதிப் பேருக்குப் புரியவில்லை. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய ஒரு தாய், "என்னய்யா சொன்னாரு, நல்லதா கெட்டதா?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டதைப் பாயால் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, கொட்டகையில சொல்றாப்புல என் மைக்குல செத்த நேரம் சொல்லுங்க. அந்தம்மாவுக்காகவாவது வாங்க."

போனார். அதுதான் ஆரம்பம்.

சண்டை முடிந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவருக்குள் இருந்த பபூனும் மைக்குக்கு வந்துவிட்டார். ரேஷன் கடை வரிசையை அவர் நடித்துக் காட்டுவார். "என் பொண்டாட்டி விடியுமுன்ன போயி வரிசையில பையை வச்சுட்டு வந்தா. பைக்கு முன்னால ஒரு செங்கல். செங்கலுக்கு முன்னால ஒத்தைச் செருப்பு. கடையைத் திறந்தாக. செருப்புக்கு அரிசி போட்டாச்சு, செங்கலுக்குப் பாதி போட்டாச்சு, பைக்கு வர்றப்ப தீர்ந்துபோச்சு. என் பொண்டாட்டி கேட்டா, ஐயா, செங்கலு சோறு திங்குமா? கடைக்காரரு சொன்னாரு, தாயி, அது உனக்கு முன்னால வந்ததும்மா." கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அது என் பைதான். பச்சை நூல் தைத்த பை. நடந்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

தபசுகாலம் வந்தால் மட்டும் மைக் பக்கம் போகமாட்டார். பாய் வெறும் செய்தியை வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வார். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

அறுபத்தேழாம் வருசத்து எலெக்‌ஷன் சரியாகத் தபசுகாலத்தில் வந்து விழுந்தது. விபூதிப் புதனுக்கும் ஓட்டுக்கும் நடுவில் கொஞ்ச நாள்தான் இருந்தது. தை மாதம் பூராவும் பாய் கடை முன்னால் வண்டி போக வழி கிடையாது. சின்னாளப்பட்டியிலிருந்து தறிக்காரர்கள், கொடைரோட்டிலிருந்து ரயில்வே ஆட்கள்கூட வந்து நின்றார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் மேடைக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. பாய் கடை வாசல் போதும் என்றார். விபூதிப் புதன் நெருங்கிக்கொண்டே வந்தது.

பாய் வந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாதாண்ணே? போன மாசந்தான் எங்க நோன்பு முடிஞ்சது, இப்ப உங்களுக்கு ஆரம்பிக்குது. நேர்ச்சைன்னா நேர்ச்சைதான். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். இத்தனை நாள் பேசிட்டு ஓட்டுக்கு முன்னால நீங்க வாயை மூடுனா, சனம் தபசுகாலம்னு நினைக்காது. எவனோ வாயை அடைச்சுட்டான்னு நினைக்கும்."

அது உண்மை. அந்தப் பேச்சு ஏற்கெனவே குழாயடிக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா என்னிடம், "ஒங்க வீட்டுக்காரரு எந்தக் கட்சியில சைக்கிள் வாங்குறாராம்?" என்று கேட்டாள். பேசினால் சிரிப்பார்கள், பேசாவிட்டால் விலை போய்விட்டார் என்பார்கள். அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பேசுவேன், ஆனால் சிரிப்பு இல்லாமல் பேசுவேன் என்றார்.

விபூதிப் புதன் சாயங்காலம் கோயிலில் நெற்றியில் பூசிய சாம்பலோடு போய் நின்றார். நானும் மகளும் பாய் வீட்டு மாடியில், அவர் வீட்டம்மாவோடு சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தோம். செய்தி முடிந்தது.

"இன்னைக்குத் தபசுகாலம் ஆரம்பிச்சிருக்கு" என்றார் இவர். "பாஸ்கு முடியுற மட்டும் நான் சிரிப்புப் பேச மாட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நெசமாத்தான் சொல்றேன்."

இன்னும் சிரித்தார்கள். கீழே ஒரு ஆள், "அண்ணே, நெத்தியில மேக்கப்பு அரைகுறையா நிக்குது, கழுவிட்டு வாங்க" என்றான். அதற்கு ஒரு சிரிப்பு. இவர் திணறிப்போய் அன்றைய செய்தியை அப்படியே சொன்னார். நாளைக்கு நம்ம வார்டு கடையில் அரிசி கிடையாது என்றார். அதற்கும் சிரித்தார்கள். பாய் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் போனது ஒரு வேஷம். இன்றைக்கு மாதாவுக்குக் கொடுத்த வாக்கு அல்லவா.

வீட்டுக்கு வந்து, நோன்பு நாளில் ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்திச் சோற்றையும் அவர் தொடவில்லை. உள்ளே மகள் இருமினாள். பனிக்காலத்து இருமல்தான். ஆனாலும் அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். 

விடிந்ததும் பூசை முடித்து, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். நான் வெளியில் நின்றேன். திரும்பி வந்தவர் முகம் முன்னைவிட வாடியிருந்தது.

"சாமியார் என்னங்க சொன்னாரு?"

"நீ சிரிக்க வைக்கலப்பா, அவங்களா சிரிச்சா நீ என்ன செய்வேன்னாரு."

"அப்ப சரிதானங்க?"

"என்ன சரி? மேக்கப்பு கதைய நான் சொல்றப்ப அவரே சிரிச்சிட்டாரு. தட்டிக்கு அந்தப் பக்கம் குலுங்குறது தெரியுது. சாமி, நீங்களுமான்னு கேட்டேன். மன்னிச்சுக்கப்பான்னாரு. இப்ப சாமியாரையும் சேத்துல்ல சிரிக்க வச்சிட்டு வாரேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டேன். அவர் வாக்குக் கொடுத்தது என் மகள் உயிருக்கு. நான் சிரித்தாலும் அது கணக்குத்தான்.

அன்று மத்தியானம் நான் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் நடையில் உட்கார்ந்து, சாயங்காலம் பேச வேண்டியதை எதிரே கூட்டம் இருக்கிற மாதிரி சொல்லிப் பார்த்தார். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று பட்டது.

"ஏங்க, நீங்க ஒவ்வொண்ணு சொன்னதும் நிக்கிறீக."

"எங்க நிக்கிறேன்?"

"சொல்லிட்டுச் செத்த நேரம் பேசாம நிக்கிறீக. சனம் சிரிக்கட்டும்னு இடம் விடுறாப்புல. எலையைப் போட்டுட்டு யாரும் உக்காராதீங்கன்னா எப்படி?"

அவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லிவிட்டு நின்றார். நின்றது அவருக்கே தெரிந்தது. இத்தனை வருச மேடைப் பழக்கம் அது. பபூன் ஒன்று சொல்வார், நிறுத்துவார், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொல்வார். வேஷப் பெட்டியைச் சாக்குப் போட்டு மூடினாலும் அது நாக்கில் இருந்தது.

"கொட்டகையில வாசிக்கிறப்ப யாரும் சிரிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"அங்க எதுக்குச் சிரிக்கிறாங்க. அங்க உக்காந்துல்ல வாசிப்பேன், கையில சுருட்டு எலை இருக்கும்." சொல்லிவிட்டுச் சட்டையைப் போட்டார். கொட்டகைக்குப் போய்ச் சுருட்டுத் தட்டையும் ஒரு கட்டுப் புகையிலையையும் வாங்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனார்.

சாயங்காலம் நாங்கள் மாடிக்குப் போனபோது கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் இவர் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் புகையிலை நரம்பு உரித்துக்கொண்டிருந்தார். பாய் மைக்கை ஒரு முக்காலியில் கட்டிக்கொண்டு, "அண்ணே, மைக்செட் கடையா சுருட்டுக் கடையான்னு ஊரு கேக்கப்போவுது" என்றார். இவர் அடுத்த நரம்பை உரித்தார்.

செய்தி முடிந்தது. இவர் தலையைத் தூக்காமல் சுருட்டு சுற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தார். "ஆரம்பிச்சிட்டாருய்யா புதுசா" என்று ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. இவர் நிறுத்தவில்லை. கை பாட்டுக்குச் சுற்றியது, வாய் பாட்டுக்குப் பேசியது. சிரிப்புக்கு உட்கார இடம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துவிட்டது.

இந்தக் கட்சி அரிசியைப் பற்றி என்ன சொல்கிறது, அந்தக் கட்சி என்ன சொல்கிறது, இரண்டையும் கொட்டகையில் வாசிக்கிற மாதிரியே சமமாகச் சொன்னார். அப்புறம் ரேஷன் வரிசையைச் சொன்னார். அதே பை, அதே செங்கல், அதே ஒத்தைச் செருப்பு. நடிப்பு இல்லை, இழுப்பு இல்லை. "என் பொண்டாட்டி விடியுமுன்ன போயி நின்னா. அவளுக்கு வர்றப்ப அரிசி தீர்ந்துபோச்சு. வெறும் பையோட வந்தா. அன்னைக்குக் கம்பு காய்ச்சிக் குடிச்சோம்." அவ்வளவுதான். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. குழாய் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பக்கத்தில் பாய் வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுலயும் அதே கதைதான் ஆத்தா" என்றார்.

"யாருக்குப் போடணும்னு என்னைக் கேக்காதீங்க" என்று முடித்தார். "உங்க வீட்டுப் பானையைக் கேளுங்க."

சுற்றி முடித்த சுருட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். வேடிக்கைக்கு வந்தவர்கள் மறுநாள் வரவில்லை. கூட்டம் பாதியாகக் குறைந்தது. இருந்தவர்கள் நின்று கேள்வி கேட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் மனத்தாங்கல். ஆளுக்கு ஒரு பக்கமாக வந்து, அந்தப் பக்கத்துக்கு ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சைக்கிள் பேச்சு குழாயடியில் நின்றது. மகளின் இருமல் சுக்குத் தண்ணியில் போய்விட்டது. நான் கோயிலுக்குப் போய் முட்டுக்குத்தி நின்று ஒரு செபமாலை சொல்லிவிட்டு வந்தேன்.

ஓட்டுப் போட்டு முடிந்தது, தபசுகாலமும் முடிந்தது. பாஸ்குத் திருநாளுக்குக் கறி எடுத்தோம். சாக்கை எடுத்துவிட்டு, வேஷப் பெட்டியிலிருந்து குல்லாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, அடுப்படி வாசலில் பபூன் நுழைகிற மாதிரி நுழைந்தார். ஒவ்வொரு வருசமும் செய்வதுதான். மகள் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் பாய் கடையில் பெஞ்சை ஓரமாகப் போட்டுவிட்டு, எழுந்து நின்று பழையபடி பேசினார். செங்கல் கதையைப் புதுசாக ஜோடித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். இரண்டொருவர் சிரித்தார்கள். மற்றவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர், "எல்லாஞ் சரி, புது மந்திரி வந்துட்டாகல்ல, அரிசிக்கு என்ன சொல்றாக?" என்றார். இவர் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சித்திரையில் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் பேசி ஏஜெண்டு வந்தார். போய்விட்டு மறுநாள் காலையில் வந்தவர், கால் கழுவுமுன்னே சிரித்துக்கொண்டு நின்றார்.

"மேடைக்குப் போயி முத வார்த்தை பேசல. முன்னால உக்காந்திருந்த ஒரு ஆளு எந்திரிச்சி, ஏனுங்க, திண்டுக்கல்லு ரேடியோவுல பேசறவருங்கதானே நீங்க, அரிசி எப்பங்க வரும்னு கேக்குறாரு. அவரு உக்காந்தா அடுத்த ஆளு. குல்லாவோட நின்னு பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன். ராஜபார்ட் திரைக்குப் பின்னால வாளோட நிக்கிறாரு. ஹார்மோனியக்காரர் வாசிக்கிறதை நிறுத்திட்டுக் கேக்குறாரு."

"அரிசி எப்ப வரும்னு என்ன சொன்னீக?"

"என்னத்தைச் சொல்ல. சத்தியமா எனக்குத் தெரியாதுங்கன்னேன். அதுக்குத்தான் அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க."

அதுதான் அவர் கட்டிய கடைசி வேஷம். அதற்கப்புறம் ஊருக்கு அவர் ரேடியோக்காரர்தான், யாரும் பபூன் வேஷத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவர் போயிருக்க மாட்டார். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும், அந்தக் கூட்டம் சிரித்ததைச் சொன்னதும் ஒரு நிமிசம் என் முகத்தைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"பாஸ்கு முடிஞ்சிருச்சில்ல" என்றேன். "சிரிச்சுட்டுப் போகட்டும். கால் கழுவிட்டு வாங்க."